காலில் அணியும் பின்னூட்டக் கருவியைக் கொண்டு நடையைத் திருத்துவது எப்படி?

பக்கவாதத்துக்குப் பின் மீண்டும் நடக்கத் தொடங்கியிருக்கும் ஒருவரிடம் ‘இரண்டு கால்களிலும் சமமாக எடை போட்டு நில்லுங்கள்’ என்று சொன்னால், அவர் அப்படி நிற்க முயல்வார். சமமாகத்தான் நிற்கிறோம் என்று உறுதியாகவும் சொல்வார். எடை பார்க்கும் இயந்திரங்கள் இரண்டை அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலை ஊன்றச் சொல்லிப் பார்த்தால், பாதிக்கப்பட்ட பக்கத்து இயந்திரம் பல கிலோ குறைவாகக் காட்டுவதுண்டு. அவர் பொய் சொல்லவில்லை. கால் எங்கே இருக்கிறது, அதன்மேல் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வே மங்கியிருப்பதால், நடையில் உள்ள பிழை அவருக்குத் தெரிவதில்லை. தெரியாத பிழையை எவராலும் திருத்திக்கொள்ள முடியாது. அணியும் பின்னூட்டக் கருவிகள் இந்த இடைவெளியை நிரப்பவே உருவாக்கப்பட்டவை. பாதத்தின் அழுத்தத்தையோ காலின் அசைவையோ ஒரு சென்சார் அளக்கிறது. குறித்து வைத்த எல்லையை நடை தாண்டும்போது ஒலியாகவோ அதிர்வாகவோ அந்தக் கணத்திலேயே அணிந்தவருக்குத் தெரிவிக்கிறது.

இத்தகைய கருவியை வீட்டில் எப்படித் தேர்ந்தெடுப்பது, கட்டுவது, பயிற்சி செய்வது, பின்னர் எப்படி விட்டு விலகுவது என்பதை நோயாளிக்கும் அவருடன் இருக்கும் குடும்பத்தினருக்கும் இந்தக் கட்டுரை விளக்குகிறது. மருத்துவர் நடக்க அனுமதித்து, இயன்முறை மருத்துவர் ஒருவர் குறைந்தது ஒரு முறையேனும் நடையைப் பார்த்து மதிப்பிட்ட பிறகு செய்ய வேண்டியவை இவை. அதற்கு முன் கருவி வாங்குவது வீண் செலவு.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

கருவியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாக்குறுதிகளை நம்புவதற்கு முன், இரண்டு பெரிய ஆய்வுகளை நினைவில் வைப்பது நல்லது. 2010-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், பக்கவாதத்துக்காக மறுவாழ்வு மையங்களில் தங்கியிருந்த 179 பேர் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினரை நாள்தோறும் 10 மீட்டர் நடக்கவைத்து, ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்து, ‘இன்று உங்கள் வேகம் இவ்வளவு’ என்று ஊக்கத்துடன் சொன்னார்கள். மற்றக் குழுவுக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. மையத்தை விட்டு வெளியேறும்போது முதல் குழுவின் சராசரி நடைவேகம் நொடிக்கு 0.91 மீட்டர்; மற்றக் குழுவினுடையது 0.72 மீட்டர். அதே ஆய்வாளர்களின் தொடர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அதில் 11 நாடுகளைச் சேர்ந்த நோயாளிகளின் இரண்டு கணுக்கால்களிலும் சென்சார் கட்டப்பட்டது. ஒரு குழுவுக்கு வேகம் மட்டும் சொல்லப்பட்டது; மற்றதற்கு நடையைப் பற்றிய பல விவரங்கள் சேர்த்துச் சொல்லப்பட்டன. கூடுதல் விவரங்களால் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் எதுவும் விளையவில்லை.

பின்னூட்டம் பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. பக்கவாதத்துக்குப் பிந்தைய கால் பயிற்சிகளில், வழக்கமான சிகிச்சையைவிடப் பின்னூட்டத்துடன் கூடிய பயிற்சி நல்ல பலன் தருவதாக பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2017-இல் வந்த முறைசார் மீளாய்வு ஒன்று காட்டியது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஓர் அளவு, அதுவும் நோயாளிக்குப் புரிகிற அளவு என்ற ஒழுங்கு இல்லாவிட்டால், திரையில் நிறையும் வரைபடங்கள் குடும்பத்தினரின் ஆறுதலுக்கு மட்டுமே உதவும் என்பது என் கருத்து.

எந்தக் குறைக்கு எந்தக் கருவி?

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், நடையில் திருத்த வேண்டிய குறை எது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். ‘நடை சரியில்லை’ என்பது போதாது.

பக்கவாதத்தில் பெரும்பாலும் காணப்படும் குறை, பாதிக்கப்பட்ட காலின்மேல் நிற்கும் நேரம் குறைந்துபோவது. ஒரு கால் தரையைத் தொட்டதிலிருந்து அதே கால் மீண்டும் தொடும் வரை ஒரு சுழற்சி; இயல்பான நடையில் ஒவ்வொரு காலும் அதன் ஏறத்தாழ 60 விழுக்காட்டை நிலத்தில் ஊன்றியும் 40 விழுக்காட்டைக் காற்றில் வீச்சிலும் கழிக்கிறது. பலவீனமான காலில் நிற்க அஞ்சுபவர் நல்ல காலை அவசரமாகக் கீழே வைத்துவிடுவதால், பலருக்கு நல்ல காலின் அடிதான் குட்டையாகிறது. இதைக் கவனிக்காமல் ‘கெட்டுப்போன காலை நீட்டி எடுத்து வை’ என்று வீட்டில் எல்லோரும் அறிவுரை சொல்வது குறையை அதிகப்படுத்தவே செய்யும். இவர்களுக்குப் பொருந்துவது, காலணிக்குள் வைக்கும் அழுத்த இன்சோல் அல்லது கணைக்காலில் கட்டும் அசைவுச் சென்சார். திருத்த வேண்டிய அளவு, பாதிக்கப்பட்ட காலில் தனியாக நிற்கும் நேரம்.

பார்க்கின்சன் நோயில் நிலைமை வேறு. அங்கே அடிகள் சிறுத்து, வேகம் குறைந்து, சிலருக்குத் திரும்பும்போதும் வாசற்படியிலும் கால் தரையோடு ஒட்டிக்கொள்வதுபோல் உறைந்துவிடுகிறது. இவர்களுக்குப் பிழையைச் சுட்டிக்காட்டும் கருவியைவிட, அடி எடுத்து வைக்க வேண்டிய தருணத்தை முன்கூட்டியே சொல்லும் தாளம் அதிகம் உதவுகிறது. மைக்கேல் தாவுட் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், 3 வாரம் தாளத்துக்கேற்ப வீட்டில் நடந்தவர்களின் வேகம் 25 விழுக்காடு கூடியது. 2007-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில் 153 பேருக்கு வீட்டிலேயே 3 வாரம் பயிற்சி தரப்பட்டது. ஒலி, மூக்குக்கண்ணாடியில் மின்னும் ஒளி, மணிக்கட்டில் அதிர்வு ஆகிய மூன்றில் விரும்பியதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றபோது பெரும்பாலோர் ஒலியையே நாடினர். பலன் கிடைத்தது, ஆனால் அது சிறியது, பயிற்சியை விட்ட 6 வாரங்களில் பெரிதும் தேய்ந்துபோனது. ஆகவே பார்க்கின்சன் நோயில் தாளப் பயிற்சி ஒருமுறை எடுத்து முடிக்கும் மருந்துச் சீட்டு அல்ல. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது. நல்ல செய்தி என்னவென்றால், இதற்குத் தனிக்கருவியே தேவையில்லை. சீரான இடைவெளியில் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் மெட்ரோனோம் செயலி போதும்; அது கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது.

நீண்ட கால நீரிழிவால் உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, பாத அழுத்தம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உணர்ச்சி உள்ள வேறிடத்துக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் உருவான வாக்கசின்ஸ் என்னும் கருவியில், பாதத்தின் அடியில் மெல்லிய அழுத்தப் பட்டை ஒன்றும், கணுக்காலுக்கு மேலே முன், பின், உள், வெளி என நான்கு பக்கமும் அதிரும் பட்டை ஒன்றும் உண்டு. எலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ‘20 கிலோவுக்கு மேல் காலில் பாரம் போடாதீர்கள்’ என்று சொல்லப்பட்டவர்களுக்கு, அந்த எல்லையைத் தொடும்போது ஒலிக்கும் இன்சோல்கள் உதவும். எடை இயந்திரத்தில் காலை அழுத்திப் பார்த்து 20 கிலோவை மனத்தில் பதித்துக்கொள்ளும் பழைய முறை, நிற்கும்போதுள்ள பாரத்தை மட்டுமே கற்றுத்தருகிறது. ஊன்றி நடக்கையில் பாரம் அதைவிட எளிதாக ஏறிவிடும்.

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்குப் பாதத்தின் கோணத்தை மாற்றி நடப்பதைப் பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. 2025-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 68 பேர் பங்கேற்றனர். பயிற்சிக் குழுவினருக்குப் பாதத்தை 5 அல்லது 10 டிகிரி உள்ளோ வெளியிலோ திருப்பி நடக்க, கணைக்காலில் கட்டிய அதிர்வுக் கருவி மூலம் பயிற்சி தரப்பட்டது. ஓராண்டுக்குப் பின் அவர்களது வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. ஆனால் உள்பக்கமா வெளிப்பக்கமா, எத்தனை டிகிரி என்பது ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொருவருடைய நடையையும் தனித்தனியே அளந்து முடிவு செய்யப்பட்டது. தவறான திசையில் திருப்பினால் முழங்காலில் பாரம் கூடவும் கூடும். காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு இதை வீட்டில் தாமாக முயலக் கூடாது.

பாதம் தொங்குவதைத் தடுக்க நரம்புக்கு மின்தூண்டல் கொடுக்கும் கருவிகளையும் சில கடைகள் இதே வரிசையில் வைத்து விற்கின்றன. அவை தசையைத் தாமே இயக்குபவை. பின்னூட்டம் தருபவை அல்ல. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன்

அழுத்த இன்சோல்கள் பெரும்பாலும் காலணி அணிந்தே வீட்டுக்குள்ளும் நடமாடும் நாடுகளில் வடிவமைக்கப்பட்டவை. நம் வீடுகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறோம். நோயாளி ஒரு நாளில் நடக்கும் நடையில் பெரும்பகுதி வெறுங்காலில், வழுக்கும் டைல்ஸ் தரையில் நடப்பதுதான். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பின்பட்டையும் இறுக்கும் ஒட்டுப்பட்டையும் உள்ள, தட்டையான அடியுடைய காலணி ஒன்றை வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென ஒதுக்கிவைக்கலாம். அல்லது இன்சோலைத் தவிர்த்து, கணைக்காலிலோ இடுப்பிலோ கட்டும் சென்சாரைத் தேர்ந்தெடுக்கலாம். எப்படியாயினும் ரப்பர் செருப்புக்குள் இன்சோலை வைக்க முயலக் கூடாது. குதிகால் பிடிப்பில்லாத செருப்பு, பலவீனமான காலுக்கு இன்சோல் இல்லாமலேயே ஆபத்தானது. கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் ஸ்பிளின்ட் அணிபவர்கள் அதையும் இன்சோலையும் சேர்த்துக் காலணிக்குள் வைத்துப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும்; பெரும்பாலும் ஓர் அளவு பெரிய காலணி தேவைப்படும்.

கடையிலோ சிகிச்சை மையத்திலோ கருவியை அணிந்து 10 நிமிடம் நடந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். அப்போது சிலவற்றைக் கவனியுங்கள். தவறான அடி விழுந்ததும் அதே அடியில் ஒலி வருகிறதா, அடுத்த அடி வைத்த பிறகு வருகிறதா? தாமதமாக வரும் ஒலி எந்தக் காலுக்கானது என்றே புரியாமல் குழப்பும். எல்லை அளவை நாமே ஏற்றி இறக்க முடிகிறதா? ஒலியை அணைத்துவிட்டு அளவெடுப்பை மட்டும் தொடர முடிகிறதா? இந்த மூன்றாவது வசதி இல்லாத கருவியை, மற்றவை எல்லாம் சிறப்பாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; காரணம் பின்னால் வரும். பாதிக்கப்பட்ட கை உள்ளவர் ஒற்றைக் கையால் கட்டவும் அவிழ்க்கவும் முடிவதும் முக்கியம். இல்லையென்றால் உதவியாளர் ஊருக்குப் போன நாளோடு பயிற்சி நின்றுவிடும். வாடகைக்குக் கிடைத்தால் வாடகைக்கே எடுங்கள். பலருக்கும் இரண்டு, மூன்று மாதங்களுக்கு மேல் இது தேவைப்படுவதில்லை.

முதல் அளவு

கருவியைக் கட்டுவதற்கு முன்பே, கருவியில்லாத நடையை அளந்து எழுதிவைக்க வேண்டும். 14 மீட்டர் நீளமுள்ள நேரான, தடையற்ற இடம் தேவை. அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைக்கூடமோ, வெயில் ஏறுவதற்கு முந்தைய மொட்டை மாடியோ பொருந்தும். தரையில் 2 மீட்டரிலும் 12 மீட்டரிலும் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். நோயாளி வழக்கமான வேகத்தில், வழக்கமாகப் பிடிக்கும் கைத்தடியுடன், தொடக்கத்திலிருந்து கடைசிவரை நடக்கட்டும். முதல் கோட்டைக் கால் தாண்டுவதிலிருந்து இரண்டாம் கோட்டைத் தாண்டும் வரையிலான நேரத்தை மட்டும் பாருங்கள். முன்னும் பின்னும் உள்ள 2 மீட்டர், வேகம் பிடிக்கவும் நிறுத்தவும் ஆகும் நேரம் கணக்கில் சேராமல் இருப்பதற்காக. மூன்று முறை செய்து சராசரி எடுத்து, 10-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 20 நொடி ஆனால் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர்.

இந்த எண்ணைப் புரிந்துகொள்ள, ஜாக்குலின் பெர்ரி குழுவினர் 1995-இல் பக்கவாத நோயாளிகளை வைத்து வகுத்த எல்லைகள் இன்றும் பயன்படுகின்றன. 0.4 மீட்டருக்குக் கீழே இருப்பவரின் நடை வீட்டுக்குள் அடங்கிவிடுகிறது, 0.4-க்கும் 0.8-க்கும் இடையில் உள்ளவர் ஓரளவு வெளியே போய்வருகிறார், 0.8-ஐத் தாண்டியவர் தெருவிலும் கடையிலும் பெரும்பாலும் தாமாகவே நடமாடுகிறார். 0.1 மீட்டர் அளவு கூடினால்தான் அதைப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாகக் கொள்வது வழக்கம். நேற்று 0.52, இன்று 0.49 என்று கவலைப்படுவதற்கு ஒன்றுமில்லை; தூக்கமும் மருந்து எடுத்த நேரமும் அந்த அளவு வித்தியாசத்தைத் தாமே உண்டாக்கும்.

தாளப் பயிற்சி செய்யவிருப்பவர்கள், இயல்பாக நடக்கும்போது 30 நொடியில் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணி இரண்டால் பெருக்கி எழுதிக்கொள்ள வேண்டும். மெட்ரோனோமை முதலில் அந்த எண்ணிக்கையிலேயே வைத்துத் தொடங்கி, பழகிய பிறகு 5 முதல் 10 விழுக்காடு வரை கூட்டலாம். ஆனால் கால் உறைந்துபோகும் தொல்லை உள்ளவர்களுக்குத் தாளத்தை விரைவுபடுத்தினால் அடிகள் இன்னும் சிறுத்து உறைதல் கூடிவிடலாம். அவர்களுக்கு இயல்பு எண்ணிக்கையிலோ அதைவிடச் சற்றுக் குறைவாகவோ வைப்பதே பாதுகாப்பு. மருந்து வேலை செய்யும் நேரத்தைத் தேர்ந்து, நாள்தோறும் அதே நேரத்தில் பயிற்சி செய்வதும் அவசியம்.

கட்டும் முறை

கணைக்காலில் கட்டும் சென்சார், பெரும்பாலான கருவிகளில் வெளிக்கணுவுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். அதன் அம்புக்குறி எந்தப் பக்கம் நோக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்து, பட்டையிலேயே பேனாவால் அடையாளம் இட்டுவிடுங்கள். தலைகீழாகக் கட்டப்பட்ட சென்சார் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான எண்களைத் தரும். பட்டைக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இறுக்கம் போதும். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அடியிலும் சென்சார் தனியாக ஆடி, அந்த ஆட்டமும் நடையாகவே பதிவாகும். வியர்வை அதிகமுள்ள மாதங்களில் மெல்லிய பருத்திக் காலுறையின்மேல் கட்டலாம். புடவையின் கரையோ வேட்டியின் ஓரமோ சென்சாரிலும் பட்டையிலும் சிக்கினால் கால் இடறும் என்பதால் பயிற்சி நேரத்தில் கணுக்காலுக்கு மேலே நிற்கும் உடைதான் நல்லது. கைப்பேசியையே சென்சாராகப் பயன்படுத்துபவர்கள் அதைச் சட்டைப்பையில் போடாமல், இடுப்புப் பட்டையில் ஆடாதபடி செருக வேண்டும்.

கட்டிய பின், சில நொடிகள் அசையாமல் நின்று கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் படியைத் தவிர்க்காதீர்கள். இன்சோல் என்றால் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கி, எடையில்லாதபோது அது பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். சூட்டிலும் ஈரத்திலும் இன்சோலின் அளவு நகரக்கூடும் என்பதால் பயிற்சியின் நடுவிலும் ஒருமுறை இதைச் செய்வது நல்லது. பாத உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள் முதல் நாள் அரைமணி நேரத்துக்கு மேல் புதிய இன்சோலை அணியக் கூடாது. கழற்றியவுடன் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். சிவப்பு அரைமணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இன்சோல் அவருக்கு உதவாது.

பயிற்சி

வாரத்தில் 3 முதல் 5 நாள், ஒவ்வொரு முறையும் இடையிடையே ஓய்வு உட்பட 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் சில நிமிடங்கள் ஒலியில்லாமல் நடக்க விடுங்கள். நேற்றுக் கற்றதில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதைக் காட்டுவது இந்த நிமிடங்கள்தான். குறிப்பேட்டில் எழுத வேண்டிய எண்ணும் இதுதான். பயிற்சியின் இறுதியில் கிடைக்கும் அழகான எண்ணை எழுதிவைப்பது மனத்துக்கு இதமாக இருக்கும், ஆனால் அது கருவியின் உதவியோடு நடந்த நடையின் அளவு.

எல்லை அளவை அமைக்கும்போது ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட காலில் தனியாக நிற்கும் நேரம் இப்போது 0.25 நொடி என்றால், இயல்பு நடைக்குரிய அளவை முதல் நாளே இலக்காக வைத்தால் கருவி இடைவிடாமல் கத்தும். நோயாளி முதலில் வெட்கப்படுவார், பிறகு எரிச்சலடைவார், மூன்றாம் நாள் ‘கால் வலிக்கிறது’ என்று சொல்லிவிடுவார். பத்து அடியில் ஏழு அடியாவது வெற்றி பெறும் இடத்தில் எல்லையை வையுங்கள். ஒன்பது அடி வெற்றி பெறத் தொடங்கினால் சிறிது உயர்த்துங்கள். பிழைக்கு ஒலிக்கும் முறை, சரியான அடிக்கு ஒலிக்கும் முறை என இரண்டும் உள்ள கருவியில், தொடக்கத்தில் சரியான அடிக்கு ஒலிப்பதையும், பிழைகள் குறைந்த பிறகு பிழைக்கு மட்டும் ஒலிப்பதையும் தேர்ந்தெடுக்கலாம். மனச்சோர்வில் இருக்கும் நோயாளிக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. பாரக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே எல்லையைத் தாண்டியதை முதல் நாளிலிருந்தே ஒலி சொல்லியாக வேண்டும், அதுவும் மருத்துவர் சொன்ன எடைக்குச் சற்று முன்னதாகவே.

உடன் நடப்பவர் பாதிக்கப்பட்ட பக்கத்தில், அரை அடி பின்தள்ளி நடக்க வேண்டும். இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடிக்கலாம், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. கருவி பேசும்போது அவர் பேசக் கூடாது. ‘முழங்காலை நீட்டு, இடுப்பைத் தூக்கு, முன்னே பார்’ என்று வரிசையாகச் சொல்வதைவிட, ‘தரையை நன்றாக அழுத்தித் தள்ளுங்கள்’ என்பது போல உடலுக்கு வெளியே கவனத்தைக் கொண்டுபோகும் ஒரே ஒரு குறிப்பு அதிகம் பலன் தரும்.

ஒலியைக் குறைப்பது

பெரும்பாலான கையேடுகள் சொல்லாமல் விட்டுவிடும் பகுதி இது. கருவி ஒலித்துக்கொண்டே இருக்கும்போது நடை சீராவதும், கழற்றிய மறுகணம் பழைய நடை திரும்புவதும் அடிக்கடி நடப்பவை. நோயாளி தம் காலை உணரக் கற்றுக்கொள்ளாமல், ஒலிக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொண்டதால் வருவது இது. அசைவுகளைக் கற்பதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இதை 1984-லேயே ஒரு கருதுகோளாக முன்வைத்தார்கள். 1990-இல் கரோலி வின்ஸ்டீனும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் கையசைவு ஒன்றைக் கற்பித்த சோதனையில், ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவைக் கேட்டறிந்தவர்களைவிட, பாதி முயற்சிகளுக்கு மட்டும் கேட்டறிந்தவர்கள் பின்னர் அதை நன்றாக நினைவில் வைத்திருந்தனர். அது ஆரோக்கியமானவர்களின் கையைப் பற்றிய சோதனை என்றாலும், நடைப் பயிற்சியிலும் இயன்முறை மருத்துவர்கள் அதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

முதல் வாரத்தில் ஒலியைத் தொடர்ந்து வைத்திருக்கலாம், ஆனால் ஒவ்வொரு சுற்றின் கடைசி 2 நிமிடம் அணைத்துவிட வேண்டும். அடுத்த வாரம் 2 நிமிடம் ஒலி, 2 நிமிடம் மௌனம் என்று மாற்றி மாற்றிச் செல்லலாம். மௌன நேரம் முடிந்ததும் ‘இப்போது எப்படி நடந்தீர்கள், பத்து அடியில் எத்தனை சரியாக இருந்திருக்கும்?’ என்று முதலில் நோயாளியையே கேளுங்கள்; அவர் சொன்ன பிறகே கருவியின் கணக்கைக் காட்டுங்கள். அவருடைய ஊகமும் கருவியின் கணக்கும் நெருங்கிவருவதுதான் உண்மையான முன்னேற்றம்; மங்கிய உணர்வு திரும்ப உருவாகிறது என்பதற்கு வீட்டில் கிடைக்கும் மிக நல்ல சான்று. மூன்றாம் வாரம் ஒலி நேரத்தை மௌன நேரத்தின் பாதியாகக் குறைத்து, நான்காம் வாரம் ஒலியே இல்லாமல் அளவெடுப்பை மட்டும் வைத்து, பயிற்சி முடிந்தபின் ஒரே ஒரு முறை முடிவைச் சொல்லலாம். இந்த வாரக் கணக்கு ஒரு மாதிரிதான். மறுநாள் காலையில் ஒலியில்லாமல் நடக்கும் அளவு சரியாத வரை அடுத்த படிக்குப் போகலாம். சரிந்தால் ஒரு படி பின்னால் வர வேண்டும்.

இந்த அறிவுரை இருவருக்குப் பொருந்தாது. உள்ளங்கால் உணர்ச்சியை நிரந்தரமாக இழந்தவருக்கு அதிர்வுக் கருவி உணர்ச்சிக்கு மாற்றாகவே வேலை செய்கிறது. அதைப் படிப்படியாக எடுத்துவிடுவதில் பொருளில்லை. பார்க்கின்சன் நோயாளிக்குத் தாளமும் அவ்வாறே. ஆனால் அவர் நாளடைவில் மனத்துக்குள் எண்ணிக்கொண்டோ, பழகிய பாட்டொன்றை முணுமுணுத்தோ நடக்கப் பழகினால், கைப்பேசி கையில் இல்லாத நேரத்திலும் தாளம் கூடவே இருக்கும்.

தெருவுக்கு வரும்போது

நேரான தரையில் சீரான நடை, வளைவிலும் வாசற்படியிலும் பேச்சுக்கிடையிலும் கலைந்துபோகும். ஆகவே ஒலியில்லாத நடை நிலைபெறத் தொடங்கியதும் பயிற்சியில் சிறு சுமைகளைச் சேர்க்க வேண்டும்: நாற்காலியைச் சுற்றித் திரும்புவது, நடந்துகொண்டே மளிகைப் பட்டியலைச் சொல்வது, கையில் பை ஒன்றை எடுத்துச் செல்வது. ஒன்று பழகிய பிறகே மற்றொன்று. பேசத் தொடங்கியதும் நின்றுவிடுபவர் கூட்டமுள்ள இடத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்று கொள்ளலாம்.

வெளியே நடக்கும்போது காதை அடைக்கும் இயர்போன் கூடவே கூடாது. ஹாரன் ஒலியைத் தவிர வேறெந்த எச்சரிக்கையும் இல்லாத தெருக்களில் அது நடைப் பிழையைவிடப் பெரிய ஆபத்து. அதிர்வுக்கு மாறிக்கொள்ளுங்கள், அல்லது காதை மூடாமல் எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்போனைப் பயன்படுத்துங்கள். சாலையைக் கடக்கும்போது எந்த வகையானாலும் அணைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் கவனம் வண்டிகள்மேல்தான் இருக்க வேண்டும்.

எப்போது நிறுத்துவது?

பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம், திடீரென்று கூடிய பலவீனம், பேச்சுக் குழறல், கெண்டைக்காலில் வீக்கத்துடன் கூடிய வலி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். கடந்த ஒரு வாரத்துக்குள் நோயாளி கீழே விழுந்திருந்தால், காரணம் தெரியாமல் பயிற்சியைத் தொடர வேண்டாம். புதிய மூட்டு வலி ஒன்று தோன்றி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், நடை மாற்றம் பாரத்தை வேறோர் இடத்துக்குத் தள்ளியிருக்கலாம் என்று கருதி, எல்லை அளவைப் பழைய நிலைக்கு இறக்கிவிட்டு இயன்முறை மருத்துவரைக் கேளுங்கள்.

நான்கு வாரம் ஒழுங்காகச் செய்த பிறகும் ஒலியில்லாத நடையில் எந்த மாற்றமும் இல்லையென்றால், பெரும்பாலும் தவறு நோயாளியின் முயற்சியில் இருப்பதில்லை. தேர்ந்தெடுத்த அளவு தவறாக இருக்கலாம். கணுக்காலின் இறுக்கமோ இடுப்புத் தசையின் பலவீனமோ முதலில் கவனிக்கப்பட வேண்டியதாக இருக்கலாம். தசை வலுப்பெறாத காலிடம் எத்தனை முறை ஒலித்தாலும் அதனால் நிற்க முடியாது. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு இயன்முறை மருத்துவரிடம் போங்கள். கருவி தயாரித்து அனுப்பும் வண்ண அறிக்கையைவிட, நாள்தோறும் காலையில் ஒலியில்லாமல் எடுத்த அந்த ஒற்றை எண் அவருக்கு அதிகம் சொல்லும்.

முன்னேற்றம் கண்டு கருவியைக் கழற்றிவைத்தவர்கள், மாதம் ஒருமுறை அதே 14 மீட்டர் இடத்தில் ஸ்டாப்வாட்சுடன் வேகத்தை அளந்து பார்க்க வேண்டும். 0.1 மீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்து வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு வாரத்துக்குக் கருவியை மீண்டும் கட்டலாம். இதற்காக அதைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டியதில்லை. முதலில் வாடகைக்கு எடுத்த இடத்திலேயே மறுபடியும் கேட்டுப் பெறலாம்.